பெயரும் பயிரும்

ஹுன்னஸ்கிரியச் சந்திக்கு நாற்று லொறி வரும் நாளில், அதனைச் சூழ்ந்து நிற்போரின் முகங்களைப் பார்ப்பதில் எனக்கு ஒரு தனி இன்பம் உண்டு. பொலித்தீன் பைகளில் முழ உயரக் கன்றுகள் வரிசையாய் நிற்கும். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஓர் அட்டை. அட்டையில் ஒரு பழத்தின் வண்ணப்படம். வாங்குவோரின் கண்கள் கன்றின்மேல் அதிகம் செல்வதில்லை. படத்திலேயே பதிந்து நிற்கின்றன. கையில் எடுப்பது நான்கு இலைகள். மனத்தில் எடுத்துச் செல்வதோ கூடை நிறைந்த கனிகள்.

துணிக்கடையில் ஏமாந்தவன் மறுநாளே திரும்பிச் சென்று வழக்குரைக்கலாம். செடி வாங்கியவனுக்கு அந்த வசதி இல்லை. விலை கொடுப்பது இன்று. வாங்கிய பொருள் இன்னதென்று அறிவதோ ஐந்தாண்டோ எட்டாண்டோ கழித்து. அதற்குள் லொறி எங்கே, விற்றவர் எங்கே? மலையகத்தில் 2015க்குப் பின் எழுந்த வீட்டுத் திட்டங்களில் ஒரு தோட்டக் குடும்பத்துக்குக் கிடைத்த நிலம் 7 பேர்ச்சஸ். வீடு போக எஞ்சிய மூலையில் ஒரு மரமோ இரண்டு மரமோ நிற்கலாம். அந்த மரம் பொய்த்துப்போவதும், பத்து ஏக்கர் உடையவரின் மரமொன்று பொய்த்துப்போவதும் ஒரே நட்டமாகா.

சுரை ஒன்று போட அவரை ஒன்று முளைக்குமா என்று நம் முன்னோர் கேட்டனர். முளைக்காதுதான். ஆயினும் எந்தச் சுரை முளைக்கும் என்பதைப் பழமொழி சொல்லவில்லை. தித்திக்கும் மாம்பழம் ஒன்றைத் தின்று அதன் கொட்டையை ஆசையோடு புதைக்கிறோம். அக்கொட்டைக்குத் தாய் நாமறிந்த மரம். தந்தையோ, பூச்சி எந்தப் பூவிலிருந்து மகரந்தம் கொண்டுவந்ததோ அந்த மரம். பிறக்கும் பிள்ளை தாயைப் போலிருக்கலாம், இல்லாதுபோகலாம். கொட்டைக்குத் தாயின் பெயரை இடுபவர்கள் நாமே.

இந்த ஐயம் மிகக் கொடிதாய் நிற்பது சாதிக்காய் மரத்தில். கண்டி மாவட்டத்துக்குப் பழகிப்போன மரம் அது. வீட்டுக்குப் பின்புறம் நிழலாய் நின்று, காயும் சாதிபத்திரியும் தந்து, பிள்ளைகளின் பள்ளிச்செலவை ஏற்கும் மரம் என்று இப்பகுதியில் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் பனையைப் போல அதிலும் ஆண் வேறு, பெண் வேறு. விதையிலிருந்து எழும் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி ஆணாகிவிடும். இலையைப் பார்த்தோ, தண்டைப் பார்த்தோ, விதையின் வடிவத்தைப் பார்த்தோ தோட்டக்காரன் அதைத் துணிந்து சொல்லிவிட முடியாது. சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் நம்புவதில்லை. முதற்பூ மலரும்வரை ஆறு ஏழு ஆண்டுகள் காத்திருக்கவேண்டும். மகரந்தத்துக்காகப் பத்துப் பெண்மரங்களுக்கு ஓர் ஆண்மரம் போதும். எனவே பத்துக் கன்று நட்டு ஐந்து ஆணாகக் கண்டவர், அவற்றுள் நான்குக்கு மேல் வீணுக்கே எருவும் நீரும் இட்டிருக்கிறார். இதில் நாற்றுக்காரர் பொய் ஏதும் சொல்லவில்லை என்பதே வேடிக்கை. சாதிக்காய் என்று விற்றார், முளைத்ததும் சாதிக்காயே.

ஒட்டுக்கன்று வந்தது இந்த ஐயத்தைத் தீர்க்கத்தான். காய்க்கும் பெண்மரத்தின் கிளையை இளங்கன்றில் ஒட்டவைத்தால், வளரும் மரம் அந்தப் பெண்மரமேயாகும். இங்கும் ஒரு நுட்பம் உண்டு. நேரே மேனோக்கி வளர்ந்த கொம்பிலிருந்து எடுத்த ஒட்டு மரமாய் நிமிரும். பக்கக் கிளையிலிருந்து எடுத்தது புதர்போலப் பரந்து தரையைத் தழுவும். மிளகிலும் இவ்வாறே. காய்க்கும் பக்கக் கிளையைப் பதியவைத்தால், கொடி பற்றி ஏற மறுத்துச் செடியாகவே நின்றுவிடும். சட்டியில் வளர்க்க விரும்புவோருக்கு அது பொருத்தம். முருக்கமரத்தில் ஏற்றிவிட நினைத்தவருக்கோ ஏமாற்றம்.

இன்னொரு விபத்தும் ஒட்டுக்கன்றுக்கு நேர்கிறது. ஒட்டு வாடிப்போகும்; அடியிலுள்ள ஒட்டுக்கட்டை தழைத்தெழும். வீட்டார், செடி பிழைத்துக்கொண்டதென்று மகிழ்வர். ஏழாம் ஆண்டு நாரும் புளிப்புமான காய் வரும்போது நாற்றுக்காரரை ஏசுவர். ரோசாவிலும் இதையே காண்கிறோம். முதலாண்டில் உள்ளங்கையகலச் சிவப்பு மலர். மூன்றாமாண்டில் காசளவு வெண்மலர்க் கொத்து. பூ நிறம் மாறிவிட்டதென்பர். மாறவில்லை, மேலேயிருந்தது மாண்டது, கீழேயிருந்தது வாழ்ந்தது.

இவையெல்லாம் பிறப்புப் பற்றியவை. இடம் பற்றிய ஏமாற்றம் வேறு. யாழ்ப்பாணத்துக் கறுத்தக் கொழும்பானை இங்கே கொண்டுவந்து நட்டவர்களை அறிவேன். கன்று உண்மையானது, ஒட்டும் உண்மையானது, மரமும் செழித்தது. ஆனால் மாவுக்குப் பூக்கும் காலத்தில் வறட்சி வேண்டும். பனிமூட்டமும் தூறலும் பூங்கொத்தின்மேல் படியும் மலைச்சரிவில் பூ கறுத்து உதிர்கிறது. வடக்கின் வெயிலையும் சேர்த்து ஏற்றிவர எந்த லொறியால் முடியும்?

சிறியோர் மட்டுமே இப்படி ஏமாந்தனர் என எண்ணவேண்டா. இந்த மலைநாட்டின் வரலாற்றிலேயே பெயரை நம்பிச் செடி வாங்கிய அத்தியாயங்கள் உண்டு. கோப்பித் தோட்டங்களைப் பின்னர் அழித்த இலைத்துரு நோய், 1869இல் மடுல்சீமைப் பகுதியில் முதன்முதலாகக் காணப்பட்டது. அது பரவப் பரவத் துரைமார் வேறொரு கோப்பியைத் தேடினர். மேற்காபிரிக்காவின் லைபீரியக் கோப்பி, பெரிய இலையும் பெரிய பழமும் உடையது. நோய் அதனை அணுகாதென்ற நம்பிக்கை பிறந்தது. இலண்டனில் செல்சியைச் சேர்ந்த வில்லியம் புல் என்னும் நாற்று வணிகர் அதனை விளம்பரம் செய்து விற்றவர்களுள் ஒருவர். அச்செடியின் விஞ்ஞானப் பெயருடன் அவர் பெயரும் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. விற்றவரின் பெயரைச் சுமக்கும் பாக்கியம் எல்லாச் செடிக்கும் வாய்ப்பதில்லை! இலங்கையில் நிகழ்ந்ததோ வேறு. அது தாழ்நிலத்து வெப்பத்தை விரும்பும் மரம், மலைக்குப் பொருந்தவில்லை. பழத்தின் தடித்த தோலை நீக்குவதும் எளிதாக இல்லை. இறுதியில் துருநோய் அதனையும் விட்டுவைக்கவில்லை.

அடுத்து வந்தது சின்கோனா. 1861இல் ஹக்கலைப் பூங்கா தோன்றியதே இம்மரத்துக்காகத்தான். காய்ச்சலைத் தணிக்கும் கொய்னா அதன் பட்டையிலுள்ளது. கோப்பியில் நொந்தவர்கள் இதனை மலைமலையாக நட்டனர். அவர்கள் நட்டதிற் பெரும்பகுதி செம்பட்டை இனம். வளர்ச்சி வேகமானது, கொய்னாவோ குறைவு. அதே காலத்தில், சார்ல்ஸ் லெட்ஜர் என்ற ஆங்கிலேய வணிகருக்காகப் பொலிவியாவில் மனுவேல் இன்கிரா மாமானி என்னும் பழங்குடியினர் ஒருவர் சேர்த்துக்கொடுத்த விதையில் ஏறத்தாழ ஓர் இறாத்தலை, 1865இல் ஒல்லாந்தர் வாங்கி யாவாவில் விதைத்தனர். அம்மரங்களின் பட்டையில் கொய்னா பன்மடங்கு இருந்தது. பின்னர் அவ்வினத்தின் விதை பல இடங்களுக்கும் சென்றபோது பழைய கதையே திரும்பியது. செம்பட்டை மரங்களுக்கு அருகே நின்ற தாயின் விதையில் கலப்புப் பிறவிகளே எழுந்தன. பெயர் லெட்ஜருடையது, சத்து இருவருக்கும் நடுவே. யாவாவினர், உயர்ந்த இனத்தைச் செம்பட்டைக் கட்டையில் ஒட்டி இதற்கு வழி கண்டனர். 1880களில் இலங்கையின் பட்டை சந்தையில் குவிந்து விலை வீழ்ந்தது. அம்மரங்களைப் பிடுங்கித் தேயிலை நட்டனர். நட்டவையும் பிடுங்கியவையும், தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் மக்களின் கைகளே.

தேயிலை நிலைத்தது. ஆயினும் விதையிலிருந்து எழுந்த பழைய மலைகளில் செடிக்குச் செடி குணம் வேறு. ஒன்று முன்னதாகத் தளிர்விடும், ஒன்று பின்தங்கும், ஒன்றின் இலை அகலம், மற்றொன்றின் இலை ஒடுக்கம். கொழுந்தெடுக்கும் பெண்களின் விரல்கள் இதனை நன்கறியும். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்த செடிகளின் துண்டுகளிலிருந்து பெருக்கிய புதிய மலைகளில் இவ்வேறுபாடு இல்லை. ஆயிரம் செடியும் ஒரு செடியே. நன்மை வந்தால் ஆயிரத்துக்கும் வரும். நோய் வந்தாலும் அப்படியே.

நாற்று வாங்குவோர் என்னிடம் ஆலோசனை கேட்டால், பட அட்டையைத் திருப்பி வைத்துவிட்டு ஒரே கேள்வி கேட்கச் சொல்வேன்: தாய்மரம் எங்கே நிற்கிறது? ஊர் சொல்லத் தெரிந்தவர், அம்மரத்தின் காலநிலையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். அடுத்து, ஒட்டுப்பட்ட தழும்பைத் தேடி, அதற்குக் கீழே துளிர்ப்பதை விடாது கிள்ளவேண்டும். ஏற்கெனவே ஆண் சாதிக்காய் வளர்த்துவிட்டவர்கள் கோடரியைத் தேடவேண்டியதில்லை. மரத்தை வெட்டித் தழைக்கவிட்டு, எழும் இளங்கொம்பில் பெண்மரத்தின் நுனியை ஒட்டலாம். வேர் முதிர்ந்தது, ஆதலால் புதிய கன்றைப்போல அவ்வளவு காலம் காக்கவைக்காது. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் அவ்வாறு ஆறு கொம்புகளில் ஒட்டினார். நான்கு வாடின. இரண்டு பற்றியிருக்கின்றன.