விழுகிற பல்தானே என்று விட்டுவிடலாமா?

"விழுகிற பல்தானே, சூத்தை வந்தால் என்ன?" மீள்குடியேறிய கிராமங்களில் தாய்மார் பலர் எங்களிடம் இப்படிக் கேட்கிறார்கள். முன் பாற்பற்கள் 6, 7 வயதில் விழத் தொடங்குவது உண்மைதான். ஆனால் கடைவாய்ப் பாற்பற்கள் 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை. அவை சூத்தையானால் பிள்ளை நோவால் சாப்பிடாது, தூங்காது. காலத்துக்கு முன் அவற்றைப் பிடுங்கினால் பக்கத்துப் பற்கள் சரிந்து, பின்னர் வரும் பல்லுக்கு இடமில்லாமல் போகும்.

சூத்தை எப்படி வருகிறது?

பல்லில் ஒட்டியுள்ள கிருமிகள் சீனியை அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது. தூக்கத்தில் உமிழ்நீர் குறைவாகவே சுரப்பதால், இனிப்பான பால்மாப் போத்தலை வாயில் வைத்தபடி பிள்ளை தூங்குவது மிகவும் கெடுதி. முகாமில் அழுகிற பிள்ளையை ஆற்ற வேறு வழி இருந்திருக்காது. அதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். இனி மாற்றிக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியவை

• இரவுப் போத்தலில் சீனியைச் சிறிது சிறிதாகக் குறைத்து, பின் கொதித்தாறிய நீர் மட்டும் கொடுங்கள். ஒரு வயதுக்குப் பின் கோப்பையில் குடிக்கப் பழக்குங்கள்.

• முதற்பல் முளைத்ததும் துலக்கத் தொடங்குங்கள். புளோரைட்டு உள்ள பற்பசை 3 வயது வரை ஓர் அரிசி அளவு, அதன்பின் ஒரு பட்டாணி அளவு போதும். வவுனியா போன்று கிணற்று நீரில் புளோரைட்டு கூடிய இடங்களில், எந்தப் பற்பசை நல்லதென்று பல் வைத்தியரிடம் கேளுங்கள்.

• காலையிலும், இரவு படுக்கும் முன்னும் நீங்களே துலக்கிவிடுங்கள். 7, 8 வயது வரை பிள்ளையால் தனியே சரியாகத் துலக்க முடியாது.

• மாதம் ஒருமுறை மேலுதட்டை உயர்த்திப் பாருங்கள். முரசோரம் சுண்ணாம்பு போன்ற வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சூத்தையின் தொடக்கம். அந்த நிலையில் அதைத் தடுத்து நிறுத்தலாம். கபில நிறமோ குழியோ தெரிந்தால் தாமதிக்காமல் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

• 6 வயதளவில், எந்தப் பல்லும் விழாமலே கடைவாயின் பின்னால் ஒரு புதிய பல் முளைக்கும். அது பாற்பல் அல்ல, வாழ்நாள் முழுவதற்குமான பல்.

அரசாங்க வைத்தியசாலைகளில் பற்சிகிச்சை இலவசம். எங்கே, எந்த நாளில் என்பதை உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டறியுங்கள். பல் நோவுடன் கன்னம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ கிளினிக் நாள்வரை காத்திராமல், அன்றே பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.