உரம் போட்டும் மிளகாய் ஏன் வாடியது?

கெலாங் பாத்தாவில் எங்கள் வீட்டின் பின்புறம் நான்கு மிளகாய்ப் பாத்திகள் உண்டு. முதல் ஆண்டு காய்த்த காயை அம்மா அண்டை வீடுகளுக்கும் கொடுத்தார். மூன்றாம் ஆண்டில், இலை பச்சையாக இருக்கும்போதே செடிகள் வாடின. சத்துக் குறைவு என்று எண்ணி யூரியாவை இரட்டிப்பாக்கினேன். மீதிச் செடிகளும் சாய்ந்தன.

உயிரியல் ஆசிரியரிடம் சொன்னேன். வாடிய தண்டை வெட்டி, தெளிந்த நீரில் தொங்கவிடச் சொன்னார். சில நிமிடங்களில் வெட்டிய இடத்திலிருந்து பால் போன்ற இழை கீழே இறங்கியது. ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா! மண்ணில் வாழும் இது வேர் வழியே நுழைந்து, நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும்.

"அப்படியென்றால் கத்தரி நடட்டுமா, சார்?" என்றேன். மிளகாய், கத்தரி, தக்காளி மூன்றும் ஒரே குடும்பம். கிருமிக்கு மீண்டும் விருந்துதான் என்றார்.

தாத்தா ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர். "கன்னு நட்டா, வரிசைக்கு நடுவுல பயறுக் கொடி விடுவோம்யா. மண்ணையும் மூடும், உரமாவும் ஆகும்," என்றார்.

அவர் சொன்னபடி பயற்றங்காயும், அடுத்து மக்காச்சோளமும் போட்டேன். பயற்றஞ்செடியின் வேரில் சிறு முடிச்சுகள். ஒன்றைப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு. அங்கே ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்குகிறது. காய் பறித்தபின் தழையையும் வேரையும் மண்ணிலேயே விட்டேன்.

உரம் வேண்டாம் என்பதல்ல. யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன் உண்டு. ஆனால், தொடர்ந்து அளவுக்கு மீறி இட்டால் மண்ணின் அமிலத்தன்மை கூடும். நம் நாட்டு மண்ணில் பெரும்பகுதி இயல்பிலேயே அமிலத்தன்மை கொண்டது. அமிலம் மிகுந்தால் இரும்பும் அலுமினியமும் பாஸ்பரஸைப் பிடித்துக்கொள்ளும். உரம் இருந்தும் வேருக்குக் கிடைக்காது. அதனால்தான் சுண்ணாம்புத் தூள் இடுகிறார்கள்.

இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1843 முதல் ஒரே வயலில் கோதுமை ஆய்வு நடக்கிறது. ஆண்டுதோறும் கோதுமையே விதைத்த பகுதியைவிட, இடையில் வேறு பயிர் கண்ட பகுதி அதிக விளைச்சல் தருகிறது. உரம் மட்டும் அந்த இடைவெளியை நிரப்பவில்லை.

இப்போது ஒரு பாத்தியில் மட்டும் மீண்டும் மிளகாய் நட்டிருக்கிறேன். இருபது செடிகளில் இரண்டு வாடின, மற்றவை காய்க்கின்றன. கிருமி முழுதாக ஒழியவில்லை, குறைந்திருக்கிறது.

நண்பர்களே, அடுத்த முறை உர மூட்டையைப் பிரிக்கும் முன், போன பருவத்தில் அங்கே எந்தக் குடும்பச் செடி இருந்தது என்று பாருங்கள்.