ஆசிரியர் கடமையும் ஊராட்சியின் பங்கும்

நம் ஊர்ப்புறங்களில் பள்ளி வாயிலில் தொங்கும் பலகையில் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி’ என்று எழுதியிருப்பதை யாவரும் கண்டிருப்பர். அப்பலகையைப் படித்த உறுப்பினர் சிலர், ஆசிரியர் தமக்குக் கீழ்ப்பட்ட ஊழியர் என்று எண்ணி, வகுப்பறைக்குள் நுழைந்து மாணவர் முன்னிலையிலேயே அவரைக் கண்டிக்க முற்படுகின்றனர். வேறு சிலரோ, ஆசிரியர் அரசாங்க உத்தியோகஸ்தர், அவரை ஏன் என்று கேட்க நமக்கு அதிகாரம் ஏது என்று ஒதுங்கிவிடுகின்றனர். இவ்விரண்டு எண்ணமும் சரியல்ல. ஆசிரியரிடம் ஊரார் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது, எவ்வழியில் கேட்க வேண்டும் என்பவற்றைக் கல்லாவி, சாமல்பட்டி, ஊத்தங்கரைப் பக்கத்து நிலைமைகளை மனத்திற்கொண்டு இங்கே எடுத்துரைப்போம்.

இந்தக் குழப்பத்திற்கு வரலாற்றுக் காரணம் ஒன்று உண்டு. 1958-ஆம் ஆண்டுச் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டத்தின்படி ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தபோது, ஜில்லா போர்டுகளின் வசமிருந்த தொடக்கப்பள்ளிகள் அவற்றிடம் ஒப்படைக்கப்பெற்றன. அந்நாளில் கல்லாவி சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1965-இல் தருமபுரி மாவட்டத்திற்கும், 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்திற்கும் மாறிற்று. ஆசிரியர் நியமனமும் சம்பளமும் அப்போது ஒன்றியத்தின் பொறுப்பு. 1981 ஜூன் 1 முதல் அவ்வாசிரியர்கள் அரசு ஊழியராயினர். பலகையில் ஒன்றியத்தின் பெயர் நிலைத்துவிட்டது; கட்டடப் பராமரிப்பும் ஒன்றியத்திடமே தங்கிவிட்டது. ஆசிரியரின் பணி, விடுப்பு, ஒழுங்கு ஆகியவற்றைக் கவனிப்பவர் வட்டாரக் கல்வி அலுவலர். பெயர் ஒத்திருப்பதால் பலர் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் மனுக் கொண்டு வருகின்றனர். அதை உரிய இடத்திற்கு அனுப்பி வைப்பதற்குள் ஒரு வாரம் கழிந்துவிடுகிறது.

இனி ஆசிரியரின் கடமைக்கு வருவோம். 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு இதனைத் தெளிவாக வரையறுத்துள்ளது. தவறாமலும் காலந்தவறாமலும் பள்ளிக்கு வருதல், பாடத்திட்டத்தை உரிய காலத்தில் முடித்தல், ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டுப் பின்தங்கிய குழந்தைக்குக் கூடுதலாகக் கற்பித்தல், பெற்றோரை முறையாகக் கூட்டி வருகையையும் முன்னேற்றத்தையும் எடுத்துச் சொல்லுதல் ஆகியவை அதில் கூறப்பட்டவை. இவற்றிலிருந்து தவறும் ஆசிரியர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்பதையும், அதற்கு முன் அவருடைய விளக்கத்தைக் கேட்டாக வேண்டும் என்பதையும் அதே பிரிவு கூறுகிறது. 28-ஆம் பிரிவின்படி ஆசிரியர் எவரும் தனிப்பட்ட முறையில் டியூஷன் நடத்தலாகாது.

காலந்தவறாமை என்பதைச் சிறு காரியமென்று சிலர் எண்ணுவர். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள், 800 மணி நேரக் கற்பித்தல் என்று சட்டத்தின் அட்டவணை வகுத்துள்ளது. ஓர் ஆசிரியர் நாள்தோறும் அரைமணி நேரம் பிந்தி வருவாராயின் ஆண்டில் 100 மணி நேரம் போய்விடும். அதாவது எட்டில் ஒரு பங்கு. எட்டு மூட்டை கேழ்வரகில் ஒரு மூட்டை களத்திலேயே காணாமற்போனால் எந்த விவசாயியும் சும்மா இருக்கமாட்டார். பேருந்து வசதி குறைந்த ஊர்களுக்கு வெளியூரிலிருந்து வரும் ஆசிரியரின் சிரமமும் உண்மையே. அந்தச் சிரமத்தைப் பேசித் தீர்க்க வழி தேட வேண்டுமேயல்லாமல், குழந்தைகளின் நேரத்திலிருந்து அதை ஈடுகட்டுதல் முறையாகாது.

நேரத்தைவிட முக்கியமானது பயன். மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் குழந்தைக்கு எழுத்தும் எண்ணும் கைவர வேண்டும் என்னும் நோக்கத்துடன் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022-இல் தொடங்கப்பட்டது. ஆகவே உறுப்பினர் ஒருவர் பள்ளிக்குச் செல்லும்போது கேட்கத்தக்க முதற்கேள்வி, இத்தனை பிள்ளைகளில் எத்தனை பேர் தட்டுத் தடங்கலின்றிப் படிக்கின்றனர் என்பதேயாகும். நம் பக்கத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிப் பள்ளிக்கு வந்தபின் தமிழ் கேட்கும் குழந்தைகளும் உளர். அவர்களை மந்தபுத்தி என்று ஒதுக்காமல், சில மாதங்கள் பொறுமையுடன் பேச்சில் பழக்குவது நல்ல ஆசிரியரின் அடையாளம்.

இக்கேள்விகளைக் கேட்கும் இடம் பள்ளி மேலாண்மைக் குழு. சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அமைந்த இக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடமுண்டு. பள்ளியின் நடைமுறையைக் கண்காணிப்பதும், வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், வரும் மானியம் செலவாகும் விதத்தைப் பார்ப்பதும் இதன் வேலைகள். குழுக் கூட்டத்தில் கேட்ட கேள்வி பதிவேட்டில் ஏறும். அதற்குத் தலைமை ஆசிரியர் விடை கூறியாக வேண்டும். டீக்கடையில் கேட்ட கேள்விக்கு அந்த வலிமை இல்லை. பள்ளி வேளையில் வகுப்புக்குள் சென்று ஆசிரியரைக் கடிந்துகொள்வது அவருக்கு மட்டும் அவமதிப்பன்று. அடுத்த நாள் முதல் அவர் சொல்லைப் பிள்ளைகள் மதியார்.

அடிப்பதைப் பற்றியும் கூற வேண்டும். ‘கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்’ என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைக்கும் பெற்றோர் இன்றும் இருக்கின்றனர். அது அன்பினால் வரும் சொல்தான். ஆயினும் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்தைப் புண்படுத்துதலையும் அறவே தடுத்துள்ளது. பெற்றோர் தரும் அனுமதி ஆசிரியரைக் காப்பாற்றாது. சாதிப் பெயர் சொல்லி அழைத்தலும், குறிப்பிட்ட சில பிள்ளைகளை மட்டுமே கூட்டிப் பெருக்கச் சொல்லுதலும் இதைவிடக் கொடியவை. இத்தகைய செயல் கண்ணிற்பட்டால் குழுக்கூட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இவை அனைத்திலும் கடுமையான ஒன்றை மறைத்துப் பேசுவதால் பயனில்லை. 2025 பிப்ரவரியில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே அரசு நடுநிலைப்பள்ளி ஆசிரியர்கள் மூவர், மாணவி ஒருவரைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகக் கூறப்பட்ட வழக்கில் கைது செய்யப்பட்டனர். அக்குழந்தை பல நாட்களாக வராததைக் கண்டு தலைமை ஆசிரியர் விசாரித்தபோதே செய்தி வெளிப்பட்டதெனப் பத்திரிகைகள் எழுதின. வருகைப் பதிவேட்டை வெறும் தாளாகக் கருதாமல், வராத குழந்தையைத் தேடிச் செல்லுதல் எத்துணை முக்கியமான கடமை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இவ்விஷயத்தில் ஊர்ப் பெரியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ‘பெண் பிள்ளையின் பெயர் கெட்டுவிடும்’ என்று கூறி, மந்தையில் கூடிப் பேசி முடிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, குழந்தைக்கு இத்தகைய குற்றம் நேர்ந்தது என்று அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமலிருப்பது 21-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. தம் கீழ்ப் பணிபுரிபவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. பள்ளிப் பணியாளரே குற்றவாளியானால் சட்டம் அதனை மேலும் கடுமையான குற்றமாகக் கொள்கிறது. எனவே சமரசத்திற்கு இங்கு இடமேயில்லை. குழந்தையின் பெயரையும் அடையாளத்தையும் வெளியிடலாகாது என்பதும் சட்டமே. ஆகையால் பெயர் கெடும் என்ற அச்சத்திற்குச் சட்டத்திலேயே காப்பு உள்ளது. குழந்தைகள் உதவிக்கு 1098 என்னும் தொலைபேசி எண்ணும், பள்ளிக் கல்வித்துறையின் 14417 என்னும் எண்ணும் உள்ளன. இவ்விரண்டையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைப்பது நூறு ரூபாய்ச் செலவில் முடியும் காரியம்.

மற்றக் குறைகளுக்கு வழி வேறு. முதலில் தலைமை ஆசிரியர், பிறகு வட்டாரக் கல்வி அலுவலர், அதன்பின் மாவட்டக் கல்வி அலுவலர் என்ற வரிசையில் எழுத்து மூலம் செல்ல வேண்டும். நாள், நேரம், நடந்தது என்ன என்று எழுதிக் கையொப்பமிட்ட ஒரு பக்கக் கடிதம், பெயரில்லாத பத்து மொட்டைக் கடிதங்களைவிட விரைவில் விசாரணைக்கு வரும். நிலத்தகராற்றையும் தேர்தல் பகையையும் மனத்தில் வைத்து ஆசிரியர்மீது புகார் எழுதுவோரும் இல்லாமல் இல்லை. விசாரணையில் அது வெளிப்பட்டுவிடும்.

ஆசிரியரைக் கடமை செய்ய விடுதல் ஊரின் கடமை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி ஆகியவை தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பலாகாது என்று 27-ஆம் பிரிவு கூறுகிறது. அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களே. அவர்களுள் ஒருவரை விழா ஏற்பாட்டிற்கோ பயனாளிகள் பட்டியல் எழுதுவதற்கோ அழைத்துக்கொண்டால், ஐந்து வகுப்புகளும் அன்று ஒருவர் தலையில் விழும். நம் அலுவலர்களும் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை முதியோர் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். அப்போது பொதுக் கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால், ஊரார் தாமே முன்வந்து பள்ளிகளுக்குக் கட்டடமும் பலகையும் கடிகாரமும் வழங்கினர். இன்றும் தண்ணீர் வராத கழிப்பறையும் ஒழுகும் கூரையும் ஒன்றியத்தின் பார்வைக்கு வர வேண்டுமாயின் அதற்கு ஊராட்சியின் தீர்மானம் வேண்டும். ஆசிரியை ஒருவர் நாள் முழுதும் கழிப்பறை வசதியின்றி நின்று பாடம் நடத்தும் ஊரில், அவருடைய காலந்தவறாமையைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமாகாது.

கடைசியாக, நம் வட்டாரத்திற்கே உரிய ஒரு காரியம். மழை பொய்த்த ஆண்டுகளில் கல்லாவிப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பெங்களூருக்கும் ஓசூருக்கும் கட்டட வேலைக்குச் செல்கின்றனர். பிள்ளைகளும் உடன் செல்கின்றனர். ஆசிரியர் ஏட்டில் ‘வரவில்லை’ என்று குறிப்பதோடு நின்றால், அக்குழந்தை திரும்பி வரும்போது வகுப்பு வெகுதூரம் சென்றிருக்கும். மாற்றுச் சான்றிதழைத் தாமதமின்றித் தருவது தலைமை ஆசிரியரின் கடமை. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி அளிக்கவும் 4-ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆனால் எந்தக் குடும்பம் எப்போது புறப்படுகிறது என்பது ஆசிரியரைவிட வார்டு உறுப்பினருக்கே முன்னதாகத் தெரியும். பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளின் பதிவேட்டை வைத்திருத்தலும், இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் குழந்தைகளைப் பள்ளியில் சேர்த்தலும் உள்ளாட்சியின் கடமை என்று 9-ஆம் பிரிவு விதித்துள்ளது. செங்கல் சூளைக்கும் பண்ணை வேலைக்கும் வெளியூரிலிருந்து நம் ஊருக்கு வந்து தங்குவோரின் பிள்ளைகளும் இதில் அடங்குவர். தெருவாரியாகப் பெயர், வயது, வகுப்பு, இப்போது இருக்கும் இடம் என்ற நான்கு பத்திகள் கொண்ட ஒரு நோட்டுப் புத்தகம் இதற்குப் போதும். அதன் பிரதி ஒன்றைத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, இரண்டு மாதத்திற்கு ஒருமுறை பள்ளி வருகைப் பதிவேட்டுடன் ஒப்பிட்டுப் பார்த்தால், விடுபட்ட குழந்தை எவ்வீட்டுக் குழந்தை என்பது அன்றே தெரிந்துவிடும்.