கைமாறும் பணமும் நம்பிக்கையும்

நுழையும்முன்

கடைவீதியில் பொருள் வாங்கும்போது வாங்குபவரும் விற்பவரும் நேருக்கு நேர் நிற்கின்றனர். பணம் ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாறும் அந்நொடியிலேயே பொருளும் கைமாறிவிடுகிறது. இணையவழி வணிகத்தில் இருவரும் ஒருவரையொருவர் காண்பதில்லை. பணம் முன்னே செல்கிறது, பொருள் பின்னே வருகிறது. இடைப்பட்ட நேரத்தில் அப்பணத்திற்குப் பொறுப்பேற்பவர் யார்? இணையத்தில் கடை திறக்கும் ஒவ்வொரு சிறுவணிகரும் முதலில் விடை காணவேண்டிய வினா இது.

கல்லில் பொறித்த பெயர்

விழுப்புரம் மாவட்டம், செஞ்சி வட்டாரத்தில் அமைந்துள்ள சிற்றூர் தளவானூர். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குடைவரைக் கோயிலால் இவ்வூர் வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. அங்குள்ள கல்வெட்டு, சத்துருமல்லன் என்னும் அம்மன்னனின் சிறப்புப்பெயரால் இக்கோயிலைச் சத்துருமல்லேசுவராலயம் என்று குறிக்கின்றது. செய்த செயலுக்கு உரியவர் இவர் என்று கல் இன்றும் சான்று கூறுகிறது. கொடை கொடுத்தவர், பெற்றவர், அதைக் காத்து நடத்தவேண்டியவர் ஆகியோரைக் கல்லில் எழுதிவைத்தல் பிற்காலத் தமிழகத்திலும் தொடர்ந்த வழக்கமாகும். பதிவும் பொறுப்பும் இணைந்திருக்கும் இடத்தில்தான் நம்பிக்கை வளரும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

அத்தளவானூரில் மகளிர் குழு ஒன்று மரச்செக்கில் மணிலா எண்ணெய் ஆட்டி விற்பதாக எண்ணிக்கொள்வோம். செஞ்சிக் கடைவீதியில் விற்றுவந்த அவர்கள், சென்னையிலும் கோவையிலும் உள்ளவர்களுக்கும் விற்க விரும்பி இணையதளம் ஒன்றை அமைக்கின்றனர். எண்ணெயின் படமும் விலையும் தளத்தில் ஏறிவிட்டன. வாங்குபவரிடமிருந்து பணத்தைப் பெறுவது எவ்வாறு? இக்குழுவை நம்மோடு வைத்துக்கொண்டே விடையைத் தேடுவோம்.

உண்டியல் முதல் யு.பி.ஐ. வரை

தொலைவிலிருப்பவரோடு பணம் கொடுத்து வாங்குவது நமக்குப் புதிதன்று. இரங்கூன், பினாங்கு, கொழும்பு முதலிய நகரங்களில் வணிகம் செய்த நகரத்தார், உண்டியல் என்னும் பணமுறியைப் பயன்படுத்தினர். ஓரூரில் பணம் கட்டி எழுதி வாங்கிய முறியை வேற்றூரில் காட்டிப் பணம் பெற இயன்றது. அத்தாளின் மதிப்பு, எழுதிக்கொடுத்தவரின் நாணயத்தைப் பொறுத்தே அமைந்தது. இந்திய அஞ்சல்துறை 1880ஆம் ஆண்டு பணவிடை முறையைத் தொடங்கியது. அஞ்சற்காரரே பொருளைக் கொடுத்து, விலையைப் பெற்று, விற்றவருக்கு அனுப்பும் வி.பி.பி. முறை சிற்றூர்களிலும் பரவியது. நூல்களும் மருந்துகளும் அம்முறையில் வீடு தேடி வந்ததைப் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்வர்.

இணையக் காலத்தில் இம்மாற்றம் விரைவுற்றது. இந்திய ரிசர்வ் வங்கியும் இந்திய வங்கிகள் சங்கமும் முன்னின்று 2008ஆம் ஆண்டு இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகத்தை நிறுவின. அக்கழகம் உருவாக்கிய யு.பி.ஐ. முறை 2016 ஏப்ரல் 11 அன்று அறிமுகமாயிற்று. எந்த வங்கியில் கணக்கு இருப்பினும், கைப்பேசி வழியாக நொடிப்பொழுதில் பணம் அனுப்ப அது வழிவகுத்தது. இன்று பெட்டிக்கடையிலும் காய்கறி வண்டியிலும் கியூ.ஆர். குறியீட்டு அட்டையைக் காண்கிறோம்.

பெறும் வழிகள் மூன்று

தளவானூர்க் குழுவின் முன் மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, குழுவின் யு.பி.ஐ. முகவரியையோ கியூ.ஆர். குறியீட்டையோ தளத்தில் இட்டு, நேரடியாக வங்கிக்கணக்கில் பணம் பெறுவது. இது எளியது, இடையில் எவருமில்லை. ஆயினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒரே நாளில் ஐவர் 300 ரூபாய் வீதம் அனுப்பினால், எப்பணம் எவருடைய எண்ணெய்க்கு உரியது என்பதைக் குழுவினரே ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். நாளுக்கு ஐந்து என்றால் இயலும். ஐம்பது என்றால் தவறு நேரும்.

இரண்டாவது, பேமெண்ட் கேட்வே எனப்படும் கட்டண நுழைவாயிலைத் தளத்தோடு இணைப்பது. இதனை வழங்கும் கட்டணத் தொகுப்பு நிறுவனங்கள் பல உள்ளன. பற்று அட்டை, கடன் அட்டை, இணைய வங்கி, யு.பி.ஐ. ஆகிய அனைத்தையும் அவை ஒரே பக்கத்தில் தருகின்றன. வாங்குபவர் பணம் செலுத்தியதும், வங்கியின் ஒப்புதல் நுழைவாயில் வழியாக விற்பவரின் தளத்தை அடைகிறது. எந்தப் பணம் எந்த வேண்டுகைக்கு உரியது என்பது தானாகவே பதிவாகிறது. நிறுவனம் தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு, எஞ்சிய தொகையைப் பெரும்பாலும் ஓரிரு வேலைநாள்களில் விற்பவரின் கணக்கில் சேர்க்கிறது.

மூன்றாவது, பொருளைக் கொடுக்கும்போது பணம் பெறுவது. இது பழைய வி.பி.பி. முறையின் புதிய வடிவம். முன்பின் அறியாத விற்பவரிடம் முன்பணம் கட்டத் தயங்குவோருக்கு இது ஆறுதல் தருகிறது. ஆனால் பொருள் சென்று சேர்ந்தபின் வாங்க மறுத்தால், போக்குவரத்துச் செலவு முழுவதும் விற்பவரையே சாரும்.

கணக்கிட்டுப் பார்த்தல்

முதலில் ஆராயவேண்டியது கட்டணம். ஒரு லிட்டர் எண்ணெயின் விலை 300 ரூபாய் என்றும், அதில் குழுவிற்குக் கிடைக்கும் ஆதாயம் 30 ரூபாய் என்றும் கொள்வோம். நுழைவாயிலின் கட்டணம் நூற்றுக்கு 2 ரூபாய் எனில், 300 ரூபாய்க்கு 6 ரூபாய் ஆகும். அக்கட்டணத்தின்மீது சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு, அதாவது 1 ரூபாய் 8 காசு சேரும். ஆக 7 ரூபாய் 8 காசு கழிந்து, 292 ரூபாய் 92 காசு கணக்கிற்கு வரும்.

இரண்டு விழுக்காடு என்று கேட்கும்போது அது சிறிதாகத் தோன்றும். ஆனால் அது கழிவது விற்பனை விலையிலிருந்து, தாங்குவதோ ஆதாயம். 30 ரூபாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போய்விடுகிறது. நூறு லிட்டர் விற்றால் 708 ரூபாய். அத்தொகை, குழுவினருள் ஒருவரின் உழைப்பிற்குரிய கூலியாக இருந்திருக்கலாம். கட்டணத்தை விலையோடு ஒப்பிடாமல் ஆதாயத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே சிறுவணிகருக்குரிய கணக்கு.

நடுவண் அரசு 2020 சனவரி 1 முதல் யு.பி.ஐ., ரூபே பற்று அட்டை ஆகியவற்றின் வழியான விற்பனைக்கு வணிகர் தள்ளுபடிக் கட்டணத்தை நீக்கியது. எனினும் இணையதள இணைப்பு, தொழில்நுட்ப உதவி ஆகியவற்றிற்காக நுழைவாயில் நிறுவனங்கள் தனிக்கட்டணம் பெறுவதுண்டு. எனவே தொடக்கக் கட்டணம், ஆண்டுக் கட்டணம், ஒவ்வொரு முறைக்குமான கட்டணம், பணத்தைத் திருப்பியளிக்கும்போது முதலில் கழித்த கட்டணம் மீளுமா என்னும் நான்கையும் ஒப்பந்தத்தில் படித்தறிதல் வேண்டும்.

இடையில் நின்றால்?

குறைந்த கட்டணம் மட்டுமே தெரிவுக்கு அளவுகோல் ஆகாது. வாங்குபவரின் கணக்கிலிருந்து பணம் கழிந்துவிட்டது. அந்நேரத்தில் இணைய இணைப்பு அறுந்தது. குழுவின் தளத்திற்குச் செய்தி வரவில்லை. வாங்குபவர், 'ஏமாற்றப்பட்டேன்' என்று எண்ணுகிறார். குழுவினரோ, 'பணமே வரவில்லை' என்கின்றனர். இருவர் கூற்றும் உண்மையே.

இத்தகைய நிலைக்கு இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை தீர்வு காட்டுகிறது. இணைய வணிகத்தில் அட்டை வழியாகப் பணம் கழிந்தும் விற்பவருக்கு உறுதிச்செய்தி சேராவிடில், பரிவர்த்தனை நாளை அடுத்த ஐந்து நாள்களுக்குள் அத்தொகை தானாகவே வாடிக்கையாளருக்குத் திரும்பவேண்டும். அதற்குமேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீடு தரவேண்டும். இவ்விதியை அறிந்த விற்பவர், கலங்கி நிற்கும் வாங்குபவருக்குப் பொறுமையுடன் வழிகாட்ட இயலும். நுழைவாயில் நிறுவனத்தைத் தெரிவுசெய்யுமுன், சிக்கல் எழும்போது தொலைபேசியில் பேச ஆள் கிடைப்பாரா, தமிழில் பேசுவாரா, குறையைப் பதிவுசெய்தால் எண் தருவாரா என்று கேட்டறிதல் நன்று.

தெரிந்து தெளிவோம்

கட்டணத் தொகுப்பு நிறுவனங்களுக்கான வழிகாட்டு நெறிகளை இந்திய ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சு 17 அன்று வெளியிட்டது. வங்கியல்லாத நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் ஒப்புதலைப் பெறவேண்டும். வணிகருக்குரிய பணத்தைத் தம் சொந்தப் பணத்தோடு கலவாமல், எஸ்க்ரோ கணக்கு எனப்படும் தனி வங்கிக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். 2022 அக்டோபர் 1 முதல் வணிகத் தளங்கள் வாங்குபவரின் அட்டை எண்ணைச் சேமித்துவைக்க இயலாது. அதற்கு மாற்றாக டோக்கன் என்னும் மறைகுறி பயன்படுகிறது.

காவல் வேண்டும் இடங்கள்

பணம் அனுப்பியதாகக் கைப்பேசித் திரையின் படத்தைக் காட்டிப் பொருளைப் பெற்றுச் செல்வோர் உளர். படத்தை மாற்றியமைப்பது எளிது. வங்கிக்கணக்கில் பணம் சேர்ந்ததை உறுதிசெய்த பின்னரே பொருளை அனுப்புதல் வேண்டும். 'உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன். இரகசிய எண்ணை இடுங்கள்' என்று எவரேனும் கூறினால் அது ஏமாற்று. பணம் செலுத்துவதற்கே இரகசிய எண் தேவை, பெறுவதற்குத் தேவையில்லை. ஒருமுறைக் கடவுச்சொல்லை வங்கி ஊழியர் என்று சொல்பவரிடமும் பகிர்தல் கூடாது. பணத்தை இழந்தவர் தயங்காமல் 1930 என்னும் எண்ணை உடனே அழைக்க வேண்டும். காலம் தாழ்த்தினால் பணம் பல கணக்குகளுக்கு மாறிவிடும்.

குழுவின் வணிகத்திற்குக் குழுவின் பெயரிலேயே வங்கிக்கணக்கு இருத்தல் இன்றியமையாதது. ஓர் உறுப்பினரின் சொந்தக் கணக்கில் பணத்தைப் பெற்றால், அவர் நேர்மையானவராகவே இருப்பினும், நாளடைவில் ஐயம் முளைக்கும். கணக்கில் தெளிவில்லாத இடத்தில் உறவும் கெடும்.

தெரிவு

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தால் தளவானூர்க் குழுவினர் எடுக்கத்தக்க முடிவு புலனாகிறது. தொடக்கத்தில், நாளுக்கு இரண்டு மூன்று வேண்டுகைகள் வரும் நிலையில், குழுக்கணக்கின் கியூ.ஆர். குறியீடே போதும். ஒவ்வொரு வரவையும் பேரேட்டில் அன்றன்றே எழுதிவைக்கலாம். விற்பனை பெருகி, கையால் சரிபார்க்க இயலாத நிலை வரும்போது, ரிசர்வ் வங்கியின் ஒப்புதல் பெற்ற நிறுவனம் ஒன்றின் நுழைவாயிலை இணைக்கலாம். ஒப்புதல் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் காணலாம். அப்போது கழியும் 7 ரூபாய் 8 காசு, பிழையின்மைக்கும் நேரத்திற்கும் தரும் விலையாகும். அதைத் தாங்குமாறு பொருளின் விலையை முன்னரே வகுத்துக்கொள்ள வேண்டும்.

எம்முறையைத் தெரிவுசெய்யினும், குழுவின் முகவரி, தொலைபேசி எண், பொருள் சேரும் காலம், பணம் திரும்பக் கிடைக்கும் நெறி ஆகியவற்றைத் தளத்தில் எளிய தமிழில் எழுதிவைத்தல் வேண்டும். எண்ணெய்ப் புட்டி உடைந்து சென்று சேர்ந்தால், பணத்தைத் திருப்பித் தருவோம் என்று எழுதியதோடு நில்லாமல், திருப்பித் தரவும் வேண்டும். அன்று உண்டியலை நம்பி வாங்கியவர் அதில் எழுதியிருந்த பெயரை நம்பினார். இன்று கைப்பேசித் திரையைத் தொட்டுப் பணம் அனுப்புபவரும் தாம் காணாத ஒருவரின் பெயரையே நம்புகிறார். பணத்தைக் கொண்டுசேர்ப்பது கருவியின் வேலை. அந்தப் பெயரைக் காப்பது விற்பவரின் கடமை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் கியூ.ஆர். குறியீட்டைப் பயன்படுத்தும் கடைக்காரர் மூவரைச் சந்தித்து, அதனால் விளைந்த நன்மைகளையும் இடர்ப்பாடுகளையும் தொகுத்து எழுதுக.

2. 450 ரூபாய் விலையுள்ள பொருளை நுழைவாயில் வழியாக விற்கையில், கட்டணம் 2 விழுக்காடும் அக்கட்டணத்தின்மீது வரி 18 விழுக்காடும் எனில், விற்பவரின் கணக்கில் சேரும் தொகையைக் கணக்கிடுக.

3. சிறுவணிகத் தளம் ஒன்றிற்குப் 'பணம் திருப்பியளிக்கும் நெறி' என்னும் தலைப்பில் பத்து வரிகளில் அறிவிப்பு ஒன்றை எளிய தமிழில் எழுதுக.