துளை ஓரிடம், போல்ட் ஓரிடம்!

மோட்டார் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து என்றாவது பார்த்திருக்கிறீர்களா? நான் புதுக்கோட்டையில் பார்த்தேன். என் வெள்ளைச் சட்டை வீணாயிற்று. அதனால் என்ன? சட்டையைவிட விலை பெற்ற ஒரு விஷயம் கிடைத்தது. அதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

நார்த்தாமலையில் மேலமலைமேல் இருக்கும் விஜயாலய சோழீசுவரத்தைப் படம் எடுத்து வரப் புறப்பட்டோம், நானும் நம் படக்காரரும். வாடகை ஜீப். வண்டிக்குச் சொந்தக்காரரே டிரைவர். கடனில் வாங்கிய வண்டி, இன்னும் இரண்டு வருஷத் தவணை பாக்கி என்பதையெல்லாம் முதல் ஐந்து மைலுக்குள்ளேயே சொல்லிவிட்டார். தார்ச் சாலையை விட்டு மண் பாதையில் இறங்கினோம். பாதை நடுவில் தலை நீட்டிக்கொண்டிருந்த ஒரு கருங்கல் வண்டியின் அடிவயிற்றில் 'டங்' என்று மோதிற்று. டிரைவரின் முகம் வெளிறிவிட்டது.

காரணம் இருக்கிறது. என்ஜினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டி ஒன்று உண்டு. நம் ஊர்ப் பட்டறைகளில் அதற்கு 'சேம்பர்' என்று பெயர். அதில் விரிசல் விட்டால் எண்ணெய் முழுவதும் தரையில் ஒழுகிவிடும். கவனியாமல் ஓட்டினால் என்ஜின் இறுகிப் போகும். அப்புறம் தவணை கட்டுவது வண்டிக்காக அல்ல, பழைய இரும்புக்காக! இந்தச் சேம்பரைக் காப்பதற்காக அடியில் கேடயம் போல ஒரு கனத்த தகடு மாட்டியிருப்பார்கள். அதுதான் 'சேம்பர் கார்டு'.

புதுக்கோட்டைக்குத் திரும்பி ஒரு பட்டறையில் தகட்டைக் கழற்றிப் பார்த்தார்கள். சேம்பருக்கு ஒரு கீறல்கூட இல்லை. "ஆத்தா காப்பாத்திட்டா!" என்றார் டிரைவர். ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. கழற்றிய தகடு திரும்ப ஏற மறுத்தது!

ஐ.டி.ஐ. படித்துவிட்டுத் தொழில் பழக வந்திருந்த தம்பி ஒருவர் பின்பக்கத்து இரண்டு போல்ட்டுகளை ஸ்பானரால் இறுக்கி முடித்துவிட்டார். முன்பக்கம் பார்த்தால் துளை ஓரிடம், போல்ட் ஓரிடம். நெம்பினார், திட்டினார், கடைசியில் சுத்தியலை எடுத்தார்.

"தம்பி, நிறுத்து, நிறுத்து!" என்று குரல் வந்தது. பட்டறை மேஸ்திரி. "ஓட்டை எங்கேயும் நடந்து போயிடாது. தகடு நெளிஞ்சு கெடக்கு. அதைப் பாக்காம போல்ட்டைப் போட்டு அடிச்சா, சேஸிஸ்ல இருக்கிற நட்டு போயிடும். அப்புறம் அண்ணனுக்கு யாரு பதில் சொல்றது?"

வாசகர்களே, இதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. பயப்படாதீர்கள், சின்னக் கணக்குத்தான். 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு வழக்கமாக 9 மில்லிமீட்டர் துளை போடுவார்கள். தாராளம் என்பது அந்த ஒரு மில்லிமீட்டர்தான். 60 சென்டிமீட்டர் நீளத் தகடு ஒன்று கல்லில் மோதி வில் போல நடுவில் 2 சென்டிமீட்டர் வளைந்தால், அதன் இரு முனைகளும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நெருங்கிவிடும். 3 சென்டிமீட்டர் வளைந்தாலோ 4 மில்லிமீட்டர்! கண்ணுக்குத் தகடு சாதுவாகத்தான் தெரியும். போல்ட்டுக்கு மட்டும் வழி இராது.

மேஸ்திரி என்ன செய்தார் தெரியுமா? ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து விரித்தார். வண்டிக்கு அடியில் புகுந்து, சேஸிஸில் துளைகள் இருக்கும் இடத்தில் அட்டையை அழுத்தி அடையாளம் எடுத்தார். அந்த அட்டையைத் தகட்டின்மேல் வைத்தால் விஷயம் விளங்கிவிட்டது: முன்பக்கத்து இரண்டு துளைகளும் ஒரே அளவு பின்வாங்கியிருந்தன. அப்படியானால் குற்றம் தகட்டின் வளைவில்தான். மரக்கட்டைமேல் வைத்து, புடைத்த பக்கத்தில் நிதானமாகத் தட்டினார். அரைமணி நேரத்தில் மூன்று தடவை அட்டையை வைத்துப் பார்த்தார்.

தகடு நேராக இருந்தும் துளை சேரவில்லை என்றால்? அதையும் கேட்டேன். அப்போது தகடு மாட்டும் கைகள் வளைந்திருக்கலாம். அவையும் நேரானால் சேஸிஸே நகர்ந்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டுமாம். முன்பு எங்கேயோ மோதிய வண்டி என்று அந்தத் துளை சாட்சி சொல்கிறது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

டீ வந்தது. டீ குடிக்கும்போது மேஸ்திரி பழங்கதை ஒன்றைத் தொட்டார். டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1912-ல் பஸ் தொழிலில் இறங்கினாரே, அந்தத் தொடக்க காலத்து பஸ்கள் ஓடியது தஞ்சாவூருக்கும் இந்தப் புதுக்கோட்டைக்கும் நடுவில். மாட்டு லாடத்து ஆணிகள் டயரைக் கிழிக்காமல் இருக்க, காந்தம் கட்டிய வண்டியைச் சாலையில் ஓட்டி ஆணி பொறுக்கினார்கள் என்று சொல்வார்கள். அதே குடும்பத்தார் பின்னால் சென்னைப் பாடியில் 1966-ல் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் தொழிற்சாலையில் போல்ட்டும் நட்டும் செய்ய ஆரம்பித்ததை நினைத்துப் பார்த்தேன். சாலையில் கிடந்த ஆணியைப் பொறுக்கியவர்கள் வண்டிக்கே ஆணி செய்து கொடுத்தார்கள்!

இனி மாட்டுகிற வேலை. எஃகுத் தகடு பத்துப் பதினைந்து கிலோ கனக்கும். ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறு கையால் போல்ட் போடப் பார்ப்பதில்தான் பாதித் தகராறு. மேஸ்திரி ஜாக்கிமேல் பலகை வைத்துத் தகட்டை மெல்ல உயர்த்தினார். (வண்டியைத் தாங்கி நின்றது வேறு உறுதியான முட்டுகள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் புகுந்தவர்களின் கதை வேண்டாம்.) நட்டுகளில் அப்பியிருந்த செம்மண்ணைக் கம்பித் தூரிகையால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். அந்த நட்டுகள் சேஸிஸுக்குள்ளேயே பற்ற வைத்தவை. போல்ட் கோணலாக ஏறிச் சிக்கி, பற்றவைப்பு விட்டுப்போனால் நட்டு உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், கை நுழையாது.

ரவிக்கை தைக்கும் சகோதரிகளுக்கு அடுத்த சங்கதி புதிதல்ல. துணியின் இரு துண்டுகளையும் முதலில் நூலோட்டிப் பிடித்துக்கொண்டு, பிறகுதானே மிஷினில் வைக்கிறீர்கள்? அதேதான். எல்லாப் போல்ட்டுகளையும் விரலாலேயே மூன்று நான்கு சுற்று ஏற்ற வேண்டும். கடைசி போல்ட் ஏறுகிற வரை ஸ்பானரைத் தொடக் கூடாது. பல தகடுகளில் சில துளை வட்டமாகவும் சில நீளமாகவும் இருக்கும். வட்டத் துளையில் முதலில். நீளத் துளை, சிறு பிசகைப் பொறுத்துக்கொள்ளவே இருக்கிறது. சற்று விலகியிருந்தால் கூர்முனைக் கம்பியைப் பக்கத்துத் துளையில் விட்டு நெம்பலாம். விரலை விட்டுத் தடவிப் பார்க்கக் கூடாது! தகடு நழுவினால் விரலைக் கத்தரித்துவிடும்.

ஒரு துளை மட்டும் கடைசிவரை அடம் பிடித்தது. மேஸ்திரி உருட்டு அரத்தை எடுத்துத் தகட்டின் துளையை, வேண்டிய திசையில் மட்டும், ஒரு மில்லிமீட்டர் அளவு ராவினார். சேஸிஸ் பக்கம் அரம் போகவில்லை. பெரிய வாஷர் ஒன்று, ராவிய இடத்தில் துருப் பிடிக்காமல் கொஞ்சம் பெயிண்டு. பிறகு எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். தம்பி எல்லாவற்றையும் வாய் திறவாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி இரண்டு போல்ட்டை மேஸ்திரி அவர் கையில் கொடுத்தார்.

"நூறு கிலோமீட்டர் ஓடின பிறகு ஒருதரம் இறுக்கிப் பாருங்க, அண்ணே" என்று டிரைவரிடம் சொன்னவர், அந்த அட்டையை மடித்து வண்டிக்குள் வைத்தார்.

"இது எதுக்கு மேஸ்திரி?"

"நாளைக்கும் அந்தப் பாதையிலதானே போகப் போறீங்க?"