கூடாரத்துக்குள் ஓர் எக்ஸ்ரே

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அடித்தபோது தரங்கம்பாடி நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. தமிழகத்தில் அன்று இறந்தவர்களில் பெரும்பகுதி, ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர், அந்த ஒரு மாவட்டத்தில் மாண்டவர்கள். அப்படியொன்று மறுபடி நேர்ந்து, தரங்கம்பாடிக்கு அருகே பொறையாறு பக்கம் மேட்டு நிலத்தில் ஒரு நிவாரண மருத்துவமனை போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்ரே, ஸ்கேன் வசதியை எப்படி அமைப்பது?

எந்த மெஷின் என்று யோசிக்கும் முன்பு, வருகிறவர்களுக்கு என்ன காயம் இருக்கும் என்று பார்க்க வேண்டும். நிலநடுக்கம் என்றால் முறிந்த எலும்பும் நசுங்கிய கைகால்களும் குவியும். சுனாமி வேறு மாதிரி. படுகாயத்தோடு உயிர் தப்புகிறவர்கள் குறைவு. தப்பியவர்களுக்குச் சேறு புகுந்த வெட்டுக்காயங்களும் சில முறிவுகளும் இருக்கும். சேற்றுத் தண்ணீர் மூச்சுக்குழலில் போனவர்களுக்குச் சில நாள் கழித்து நிமோனியா பிடிக்கும். 2004க்குப் பிறகு மருத்துவர்கள் இதைச் ‘சுனாமி நுரையீரல்’ என்றே எழுதினார்கள். ஆக முதல் தேவை நெஞ்சு எக்ஸ்ரே. அடுத்தது, வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறதா, கர்ப்பிணியின் குழந்தைக்குத் துடிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் அல்ட்ராசவுண்ட். யாரை இங்கேயே வைத்துக்கொள்ளலாம், யாரை மயிலாடுதுறைக்கோ தஞ்சாவூருக்கோ ஏற்றி அனுப்ப வேண்டும் என்று முடிவெடுக்க இவை இரண்டும் பெரும்பாலும் போதும். சி.டி. ஸ்கேனுக்கு ஆசைப்படக் கூடாது என்பது என் கட்சி. டன் கணக்கில் எடை, உறுதியான தரை, குளிரூட்டிய அறை, மூன்று ஃபேஸ் மின்சாரம் எல்லாம் அது கேட்கும்.

பேரிடர் நடந்த இடத்துக்கு எக்ஸ்ரேயைக் கொண்டுபோவது புதிதல்ல. 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்தின்போது இந்திய ராணுவத்தின் 60 பாரா கள மருத்துவமனை இஸ்கெந்தெருனில் 30 படுக்கைகளோடு இயங்கியது. கையோடு கொண்டுபோன சாதனங்களில் எக்ஸ்ரேயும் இருந்தது.

மின்சாரத்துக்கு வருவோம். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்ததை டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எக்ஸ்ரே மெஷின் படம் எடுக்கும் அந்த நொடிப்பொழுதில் மட்டும் மின்சாரத்தை வாரி இழுக்கும். சிறிய ஜெனரேட்டர் அப்போது திணறும். பேட்டரியில் மெல்லச் சேமித்து ஒரே வீச்சில் செலவழிக்கும் மெஷின்தான் இங்கே பொருந்தும். மூன்று, நான்கு கிலோ எடையில் கையில் தூக்கிப் பிடிக்கும் மெஷின்கள் இப்போது காசநோய் முகாம்களில் சாதாரணம். ஃபிலிம் காலத்தில் இருட்டறை, ரசாயனம், கழுவ நல்ல தண்ணீர் எல்லாம் வேண்டியிருந்தது. கிணறெல்லாம் கடல்நீர் புகுந்த ஊரில் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? டிஜிட்டல் தட்டு அந்தத் தொல்லையை ஒழித்தது. ஆனால் உப்புக்காற்றும் மணலும் அதன் இணைப்புகளை அரிக்கும். மூடிவைக்க மறந்தால் மழைக்காலம் முடிவதற்குள் மெஷின் படுத்துவிடும்.

கூடாரத் துணி கதிரைத் தடுக்காது. ஈயத்தகடு பதித்த கதவுக்கோ தடித்த செங்கல் சுவருக்கோ அங்கே வழியில்லை. இருப்பது தூரம் ஒன்றுதான். தூரம் இரட்டித்தால் கதிர் நாலில் ஒரு பங்காகும். ஒரு மீட்டரில் இருப்பது நான்கு மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. அதனால் எக்ஸ்ரே கூடாரத்தை ஓரமாகப் போட்டு, கதிரை ஆளில்லாத பக்கம் திருப்பி, கயிறு கட்டி மறித்துவிட வேண்டும். டெக்னீஷியனுக்கு ஈய ஏப்ரனும், எவ்வளவு கதிர் பட்டது என்று கணக்கு வைக்கும் பேட்ஜும் கட்டாயம்.

அல்ட்ராசவுண்டில் கதிர்ப் பயம் இல்லை, சட்டச் சிக்கல் உண்டு. பெண் கருக்கொலையைத் தடுக்க 1994இல் வந்த பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி, பதிவு செய்யாத இடத்துக்கு அந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. சட்டம் நியாயமானதுதான். வெள்ளம் வந்த பிறகு மனு எழுதிக்கொண்டிருக்க முடியாது என்பதால், நடமாடும் மருத்துவப் பிரிவுக்கான பதிவை ஐப்பசி மழைக்கு முன்பே முடித்து வைத்திருக்க வேண்டும்.

படம் எடுத்தாயிற்று, யாருடையது? மயங்கிக் கிடப்பவருக்கும் தனியே வந்த குழந்தைக்கும் பெயர் தெரியாது. வாசலிலேயே மணிக்கட்டில் ஓர் எண்ணைக் கட்டி, அதே எண்ணைப் படத்திலும் பதிக்க வேண்டும். வலமா இடமா என்ற குறியும் கூடவே. தஞ்சாவூருக்கு அனுப்பப்படுகிறவரோடு படமும் போக வேண்டும். செல்போன் கோபுரம் சாய்ந்திருந்தால் சி.டி. தட்டிலோ பென் டிரைவிலோ பதிந்து ஆம்புலன்ஸ் ஓட்டுநர் கையில் கொடுத்துவிடலாம்.