தண்டுவட காயம்: டிஸ்சார்ஜுக்குப் பிறகுதான் பெரிய பில் ஆரம்பம்

பைக் விபத்து, மாடியிலிருந்தோ மரத்திலிருந்தோ விழுவது - முதுகுத் தண்டுவடம் அடிபட இவைதான் முக்கியக் காரணங்கள். ஆபரேஷன் செலவை மெடிக்ளைம் பார்த்துக்கும். வீட்டுக்கு வந்த பிறகு ஆகும் செலவுக்கு? பெரும்பாலும் அந்த பாலிசியில் இடமில்லை. அதனால டிஸ்சார்ஜ் சம்மரியை வெறும் மருத்துவக் காகிதமா பார்க்காதீங்க. உங்க அடுத்த பல வருஷ பட்ஜெட் அதிலதான் இருக்கு.

சம்மரியில் என்ன பெயர் இருக்கு?

கழுத்தில் முழுமையான காயம் என்றால் இரண்டு கை, இரண்டு கால் நான்குமே பாதிக்கும். மார்புப் பகுதியில் என்றால் கைகள் தப்பிக்கும், கால்கள் செயலிழக்கும்.

பகுதிக் காயங்கள் வேற மாதிரி. 'சென்ட்ரல் கார்டு சிண்ட்ரோம்' வந்தா, கால்களைவிடக் கைகள் அதிகம் பலவீனமாகும். கழுத்து எலும்பு தேய்ந்த வயசானவங்க வழுக்கி விழுந்தாலே இது வரலாம். 'பிரவுன் சீக்வார்டு' என்றால் ஒரு பக்கம் பலம் குறையும். மறுபக்கம் வலியும் சூடும் தெரியாது. 'காடா ஈக்வினா' என்றால் தொடை இடுக்கு மரத்துப்போகும், சிறுநீர் அடைக்கும். இதுக்கு ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாம ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

இதில் பணம் எங்க வருது? நடக்க முடியுது, ஆனா சட்டை பட்டன் போட முடியல என்கிற ஒருவரை யோசிங்க. பல விபத்து பாலிசிகளில் 'நிரந்தர முழு ஊனம்' என்றால் இரண்டு கை அல்லது இரண்டு கால் முழுசா செயலிழக்கணும். இவர் பகுதி ஊனப் பிரிவுக்குப் போயிடலாம், தொகை பாதியாகவோ அதுக்கும் கீழேயோ குறையலாம். பாலிசி எடுக்கும்போதே இந்த வரியைப் படிங்க.

தவிர்க்கக்கூடிய செலவுகள்

படுத்திருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கணும். வீல்சேரில் நல்ல குஷன் வேணும், அடிக்கடி உடம்பைத் தூக்கி அழுத்தம் குறைக்கணும். இதை விட்டா படுக்கைப் புண். ஆழமாயிட்டா மறுபடியும் ஆஸ்பத்திரி, சில நேரம் ஆபரேஷன். உணர்வு இல்லாததால அவருக்கு வலியே தெரியாது. தினமும் நீங்கதான் பார்க்கணும்.

சிறுநீரை 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை காதீட்டர் மூலம் வெளியேற்றப் பழக்குவாங்க. இதில் அலட்சியம் வந்தா கிருமித்தொற்று, நாளடைவில் கிட்னி பாதிப்பு.

மார்பின் மேல்பகுதியிலோ கழுத்திலோ அடிபட்டவருக்குத் திடீர்னு கடும் தலைவலி, வியர்வை, பிரஷர் எகிறல் வந்தா உடனே நிமிர்த்தி உட்கார வைங்க. இறுக்கமான உடையைத் தளர்த்துங்க. காதீட்டர் அடைச்சிருக்கா பாருங்க. அடங்கலைன்னா ஆஸ்பத்திரி. இது உயிருக்கே ஆபத்து.

இதையெல்லாம் வீட்டாருக்கும் சொல்லித் தருவதுதான் மறுவாழ்வு மையங்கள். வேலூர் சிஎம்சியிலும், தென்காசி மாவட்டம் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்திலும் இந்தச் சேவை இருக்கு. ஆய்க்குடி சங்கத்தை 1981-ல் தொடங்கிய ராமகிருஷ்ணன், தானே கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவர்.

எந்தப் பணம் எங்க கிடைக்கும்?

1. பிரதமர் சுரக்ஷா பீமா: வருஷம் 20 ரூபாய். விபத்தில் இரண்டு கால்களும் மீள முடியாதபடி செயலிழந்தா 2 லட்சம். பேங்க் பாஸ்புக்கில் 20 ரூபாய் கழிஞ்சிருக்கான்னு பாருங்க. பல குடும்பத்துக்கு பாலிசி இருப்பதே தெரியாது.

2. தனிநபர் விபத்து பாலிசி: பலவற்றில் விபத்து நடந்து 12 மாதத்துக்குள் ஊனம் உறுதியாகணும். "சரியாகிடும், பார்ப்போம்" என்று காத்திருக்காம கம்பெனிக்கு உடனே எழுத்தில் தகவல் கொடுங்க.

3. சாலை விபத்து என்றால் மோட்டார் விபத்து தீர்ப்பாயம்: சட்டப்படி 6 மாதத்துக்குள் மனு போடணும். பராமரிப்பாளர் சம்பளம், எதிர்கால மருத்துவச் செலவு, இழந்த வருமானம் எல்லாம் கேட்கலாம். டயப்பர் பில்லைக்கூட தூக்கிப் போடாதீங்க.

4. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை: தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை தண்டுவட பாதிப்புக்கும் உண்டு. அதுக்கு முதல் படி இந்த அட்டைதான்.

5. வருமான வரி: பாதிக்கப்பட்டவரே வரி கட்டினா 80யூ, அவரைப் பராமரிக்கும் குடும்பத்தார் என்றால் 80டிடி. ஊனம் 40 சதவீதம் முதல் 75,000 ரூபாய் கழிவு, 80 சதவீதம் முதல் 1,25,000. பில் தேவையில்லை, சான்றிதழ் போதும். ஆனா பழைய வரி முறையில் மட்டும்தான் கிடைக்கும். கணக்குப் போட்டுட்டுத் தேர்ந்தெடுங்க.

இன்னைக்கே ஒரு வேலை பண்ணுங்க. உங்க ஹெல்த் பாலிசிக்குப் பக்கத்தில், வருமான இழப்பை ஈடுகட்டும் விபத்து பாலிசி ஒண்ணு இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா, அடுத்த எஸ்ஐபி ஆரம்பிப்பதற்கு முன்னாடி அதை எடுங்க. சந்தேகம் இருந்தா வீடியோவுக்குக் கீழே கேளுங்க, பதில் சொல்றேன்.